டர்பனில் இருந்துகொண்டு ரோமானியக் காசு சேர்க்க: காசுக்கு முன்னால் காகிதம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு தமிழ்ப் பெரியவரிடம் பதினான்கு ரோமானியக் காசுகளை வாங்கினேன். ஒவ்வொன்றும் பழுப்பேறிய சிறு காகித உறையில் இருந்தது. உறைமேல் மசியால் எழுதிய எண்கள், ஜெர்மன் மொழியில் இரண்டொரு சொற்கள். வீட்டுக்கு வந்ததும் காசுகளைப் பளபளப்பான பிளாஸ்டிக் ஆல்பத்தில் அடுக்கிவிட்டு உறைகளைக் குப்பைக்கூடையில் போட்டேன். எட்டு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனபோது, "தம்பி, அந்தக் கவர்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே?" என்று கேட்டார். நான் விழித்ததைப் பார்த்து அவருக்கே புரிந்துவிட்டது. தேநீரை நகர்த்தி வைத்தார். "நான் உங்களுக்கு விற்றதில் பாதி அந்தக் கவர்தான்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் விளங்க எனக்கு இரண்டு ஆண்டும், சுங்கத்தில் முடங்கிய ஒரு பார்சலும் தேவைப்பட்டன. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம். இங்கே புதிதாக வந்து, கையில் கொஞ்சம் ராண்டும் ரோமானியக் காசின்மேல் ஆசையும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. வேண்டிய காசை எண்ணால் சொல்லப் பழகுங்கள்

"ஒரு ரோமானியக் காசு வேண்டும்" என்று வியாபாரியிடம் போனால் அவரிடம் தேங்கிக் கிடப்பதுதான் உங்கள் கைக்கு வரும். பேரரசுக் காலக் காசுகளுக்கு ஆர்.ஐ.சி. (RIC) என்ற பத்துத் தொகுதி நூல்வரிசை இருக்கிறது. அதன் எண்களை ஆக்ரே (OCRE) என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்துகிறது. குடியரசுக் காலத்துக் காசு என்றால் கிராஃபோர்டு என்பவரின் நூலில் உள்ள எண். மாகாணங்களில் அடித்த காசு என்றால் ஆர்.பி.சி. (RPC) என்ற இன்னொரு நூல்வரிசையின் எண்.

என் விருப்பம் ஆர்.ஐ.சி. முதல் தொகுதி, அகஸ்டஸ் 207. லியோன் நகரில் அடித்த வெள்ளி டினாரியஸ். பின்புறத்தில் கையஸ், லூசியஸ் என்ற இரு இளவரசர்கள் நிற்பார்கள்; நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். நான் கரூர்க்காரன். கொங்கு நாட்டுப் புதையல்களில் இந்தக் காசும் திபேரியஸின் டினாரியஸும்தான் குவிந்து கிடந்தன என்று படித்ததிலிருந்து பிடித்த பைத்தியம் இது. உங்கள் பைத்தியம் வேறாக இருக்கலாம். எண் மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

தொடக்கத்துக்குக் கான்ஸ்டன்டைன் காலத்துச் செப்புக் காசு போதும். சில நூறு ராண்டில் நல்லதாகவே கிடைக்கும். டினாரியஸ் ஆயிரங்களில் போகும். பொற்காசுப் பக்கம் முதல் மூன்று ஆண்டு திரும்பிப் பார்க்காதீர்கள்.

2. ஊரிலிருந்து காசு கொண்டுவராதீர்கள்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம், இங்குள்ள நம்மவர்களில் இருவர் என்னிடம் இதே யோசனையைச் சொன்னார்கள். "அமராவதி ஆற்றில் மணல் சலிப்பவர்களிடம் கிடைக்குமே, அடுத்த முறை போகும்போது நாலு வாங்கி வாருங்களேன், அண்ணா."

கூடாது. இந்தியாவில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி தனியார் எவரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பிடிபட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. மண்ணில் கிடைத்த புதையல் என்றால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வேறு இருக்கிறது. பெட்டியில் சில்லறையோடு சில்லறையாகப் போட்டு வந்துவிட்டாலும் அந்தக் காசுக்கு ஆயுள் முழுவதும் காகிதம் கிடையாது. விற்கவும் முடியாது, வெளியில் காட்டவும் முடியாது. கரூர்க் காசின்மேல் ஆசை என்றால் கரூர் அரசு அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். வாங்குவதற்கு, அதே வகைக் காசு ஐரோப்பிய ஏலங்களில் மாதந்தோறும் வருகிறது.

3. விலை கேட்கும் முன் நான்கு கேள்விகள்

காசு யார் யார் கைமாறி வந்தது என்பதை வியாபாரிகள் புரொவனன்ஸ் என்பார்கள். விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். இதற்கு முன் எந்த ஏலத்தில், எந்தத் தேதியில், எந்த எண்ணில் விற்றது? பழைய குறிப்புச் சீட்டோ உறையோ இருக்கிறதா, அது காசோடு வருமா? காசு இப்போது எந்த நாட்டில் இருக்கிறது? அங்கிருந்து அனுப்ப ஏற்றுமதி அனுமதி வேண்டுமா, வேண்டாம் என்றால் அதை எழுதித் தருவீர்களா?

"பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து" என்ற ஒற்றை வரியைப் பதிலாக ஏற்காதீர்கள். அந்த வரியை எழுத மசிச் செலவு மட்டுமே. "1970-க்கு முன்" என்பதும் அப்படித்தான். பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பரில் வந்தது. அதனால் அந்த ஆண்டுக்கு முன்பே காசு அது கிடைத்த நாட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது என்று காட்ட எல்லோருக்கும் ஆசை. காட்டுவது கேட்டலாக்கின் பக்க எண்ணாகவோ தேதியிட்ட ரசீதாகவோ இருக்க வேண்டும்.

ஏற்றுமதி அனுமதி நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலிய நிறுவனத்திடம் வாங்கினால் அனுமதிக்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் மண்ணில் தோண்டி எடுத்த காசு என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே அனுமதி தேவை. பணம் கட்டிய பிறகு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

4. சுத்தியல் விலையை நம்பிக் கை தூக்காதீர்கள்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை வேறு, உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலை வேறு. கணக்குக்கு எளிதாக யூரோவுக்கு 20 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 150 யூரோவுக்குச் சுத்தியல் விழுகிறது. அதாவது 3,000 ராண்ட். வாங்குவோர் கமிஷன் 20 சதவீதம், 600 ராண்ட். பல நிறுவனங்கள் அதற்கு மேலும் வாங்குகின்றன. விதிமுறைப் பக்கத்தைப் படியுங்கள். காப்பீட்டுடன் கூரியர் 40 யூரோ என்றால் 800 ராண்ட்.

இங்கே வந்ததும் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். ஆனால் விலையின்மேல் நேராக 15 அல்ல. சுங்க மதிப்போடு முதலில் 10 சதவீதம் ஏற்றி, அந்தத் தொகைக்கு 15 சதவீதம் போடுவார்கள். 3,600 என்பது 3,960 ஆகும். வரி 594 ராண்ட். சுங்கத்தில் பார்சலை விடுவித்துத் தரக் கூரியர் நிறுவனம் ஒரு கட்டணம் வாங்கும். 300 என்று வையுங்கள். மொத்தம் 5,294 ராண்ட். வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம் இன்னும் சேரவில்லை.

3,000 என்று நினைத்துக் கை தூக்கினால் 5,294 கட்ட வேண்டிவரும். நானும் முதலில் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து உச்சவரம்பை முதலில் ராண்டில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து யூரோவுக்கு வருகிறேன். ஒன்று கவனியுங்கள்: ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பும் காசுக்கு அங்கத்திய வரியை இன்வாய்ஸில் சேர்க்கக் கூடாது என்று கேட்கலாம். கேட்காவிட்டால் சிலர் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள்.

5. சுங்கம்: என் பார்சல் ஐந்து வாரம் கிடந்த கதை

விற்றவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். பார்சல்மேல் "உலோக அலங்காரப் பொருள், 20 யூரோ" என்று எழுதி, உள்ளே 180 யூரோவுக்கு இன்வாய்ஸ் வைத்துவிட்டார். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஐந்து வாரம் கேள்விக்கு மேல் கேள்வி. நகை, அலங்காரப் பொருள் என்றால் இறக்குமதித் தீர்வையும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சேகரிப்புக் காசுக்கான சுங்க வகைப்பாட்டு எண் 9705.31, அதற்குத் தீர்வை கிடையாது, முன் சொன்ன வரி மட்டும். இந்த எண்ணையும் "சேகரிப்புக்கான பழங்காசு" என்ற சொற்களையும் இன்வாய்ஸிலும் பார்சல் சீட்டிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். மன்னர் பெயர், ஆர்.ஐ.சி. எண், எடை, படம் ஆகியவையும் இன்வாய்ஸில் இருக்கட்டும்.

விலையைக் குறைத்துப் போடுகிறேன் என்று எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; பார்சல் தொலைந்தால் 20 யூரோதான் காப்பீட்டில் வரும்.

தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் (எண் 25), பிரிவு 32-இல், வெளிநாட்டுப் பண்பாட்டுச் சொத்து சுங்க வாயில் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், அதன் மூல நாட்டில் தந்த ஏற்றுமதி அனுமதியை அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்கிறது. மூன்றாம் படியில் வாங்கிய கடிதம் இங்கேதான் உதவும். என் இரண்டாவது பார்சலோடு, "இந்தக் காசுக்கு எங்கள் நாட்டில் ஏற்றுமதி அனுமதி தேவையில்லை" என்று ஏல நிறுவனம் தன் முகப்புத் தாளில் எழுதிய மூன்று வரிக் கடிதம் இருந்தது. நான்கே நாளில் பார்சல் வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்னொரு வலை, எண்ணிக்கை. இறக்குமதியாளராகப் பதிவு செய்யாத தனிநபருக்கு ஆண்டுக்கு மூன்று இறக்குமதிதான். நாலாவது பார்சலுக்குப் பதிவு எண் கேட்பார்கள். சின்னச் சின்னதாக எட்டுத் தடவை வாங்குவதைவிட, ஏல நிறுவனத்திடம் சொல்லி வைத்து, வாங்கியதையெல்லாம் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்பச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் சில மாதம் வைத்திருந்து அனுப்பும். சில கூரியர்கள் காசு என்றாலே ஏற்பதில்லை. யாரிடம் கொடுக்கப் போகிறார்கள் என்பதையும் முன்பே கேளுங்கள்.

பார்சல் கைக்கு வந்த பிறகு கூரியரிடம் சுங்க அறிக்கையின் நகலை, அதாவது எஸ்.ஏ.டி. 500 படிவத்தை, கேட்டு வாங்குங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாளை வேலை மாறி நீங்கள் நாட்டைவிட்டுப் போகும்போது, இது இங்கே வெளியிலிருந்து வந்த பொருள் என்று காட்ட அதைவிட நல்ல தாள் இல்லை.

6. பார்சல் பிரித்த அரைமணி நேரம்

எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் படம் எடுங்கள்: பெட்டி, சீட்டு, உறை, காசின் இருபுறம், விளிம்பு. எடை போடுங்கள், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு விலை அதிகமில்லை. அகஸ்டஸ் காலத்து டினாரியஸ் 3.7, 3.8 கிராம் அளவில் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரே கோடு ஓடினால் அது வார்ப்படத்தின் இணைப்புக் கோடு; காசு போலி. ஓரத்தில் வெள்ளி உரிந்து செம்பு தெரிந்தால் ரோமானியர் காலத்திலேயே செய்த முலாம் பூசிய கள்ளக்காசாக இருக்கலாம். அதற்கும் ஆள் இருக்கிறார்கள், ஆனால் வேறு விலையில்.

திருப்பி அனுப்பும் கால வரம்பு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் அன்றே எழுதுங்கள்.

7. முன்னாள் உரிமையாளரைத் தேடுவது

இனி என் வாரஇறுதிகள் எங்கே போகின்றன என்பதைச் சொல்கிறேன். செலவு குறைவு, நேரம் மிக அதிகம்.

அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். கடந்த இருபத்தைந்து ஆண்டு ஏலங்களின் படங்கள் ஏசிசர்ச் என்ற தளத்தில் இருக்கின்றன. விலையைப் பார்க்கத்தான் சந்தா, படம் பார்க்கப் பணம் வேண்டாம். அதற்கு முந்தைய காலம் அச்சிட்ட கேட்டலாக்குகளின் காலம். ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகம், நியூமன் நாணயவியல் தளம், ஆர்நூமிஸ், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். டர்பனில் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து 1930-களின் ஃபிராங்க்ஃபர்ட் ஏலத்தைப் புரட்டலாம்.

பழைய கேட்டலாக்கில் ஆர்.ஐ.சி. எண்ணைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. நான் மூன்று மாதம் அப்படித்தான் தேடினேன். அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதியது கோஹன் எண். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கோஹனின் எட்டுத் தொகுதி நூலின் இரண்டாம் பதிப்பு 1880-இல் தொடங்கி வந்தது. என் ஆர்.ஐ.சி. 207 அங்கே கோஹன் 43. குடியரசுக் காசு என்றால் பாபலோன் எண், பிறகு சிடனம் எண். முதலில் உங்கள் காசின் பழைய எண்ணைக் கண்டுபிடித்து உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடுங்கள்.

இனி ஒப்பிடும் வேலை. ஒரே அச்சில் அடித்த காசுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மூக்கு, கண், எழுத்து எல்லாம் அச்சு அசலாக ஒன்று போல இருக்கும். இருந்தாலும் அது வேறு காசு. இதில் நான் ஏமாந்தேன். ஒரு பழைய ஏலக் கேட்டலாக்கின் படப் பக்கத்தில் என் அகஸ்டஸைக் கண்டுவிட்டதாக நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், தலைக்குப் பின்னால் ஓடும் புள்ளி வரிசை என் காசில் முழுதாக இருந்தது, படத்தில் பாதியோடு விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. அச்சு ஒன்று, காசு வேறு.

கையால் அடித்த காசில் ஒவ்வொரு உலோகத் துண்டும் தனக்கென ஒரு வடிவத்தோடு இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்: சுற்றுவரை எங்கே பிதுங்குகிறது, எங்கே தட்டையாக இருக்கிறது, எந்த எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விட்டது, அடிக்கும்போது விழுந்த வெடிப்பு எந்தப் பக்கம், சரிபார்க்க அந்தக் காலத்தில் குத்திய சிறு முத்திரைகள் எங்கே. பெரியவரிடம் வாங்கிய ஒரு குடியரசு டினாரியஸில் ஏழு மணி திசையில் மயிரிழை வெடிப்பு, கன்னத்தில் பிறை வடிவ முத்திரை. இரண்டும் 1950-களின் ஒரு ஜெர்மன் ஏலக் கேட்டலாக்கின் படப் பக்கத்தில் அதே இடத்தில் இருந்தன. இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சுற்றுவரை முழுவதும் பொருந்தியது. அச்சிட்ட எடை 3.91 கிராம்; என் தராசு காட்டியது 3.90.

நிறத்தை நம்பாதீர்கள். வெள்ளி கறுக்கும்; யாராவது துலக்கியும் இருப்பார்கள். பழைய கேட்டலாக்குகளில் பல சமயம் காசையே படம் பிடிக்கவில்லை. அதன் பிளாஸ்டர் பதிவைச் செய்து அதைத்தான் படம் பிடித்தார்கள். அதனால் எல்லாக் காசும் ஒரே சுண்ணாம்பு வெளுப்பில் தெரியும். கீறலும் பள்ளமும் மட்டுமே பேசும். ஆனால் பதிவு எடுத்த பிறகு விழுந்த கீறல் படத்தில் இருக்காது. உங்கள் காசில் கூடுதலாகக் கீறல் இருந்தால் பரவாயில்லை, படத்தில் இருக்கும் கீறல் உங்கள் காசில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சாதாரணக் காசு கைமாறி வந்த பழைய வழி கிடைப்பது அபூர்வம். அரியதை மட்டும் படப் பக்கத்தில் போட்டார்கள். மற்றவை "டினாரியஸ் பன்னிரண்டு, நல்ல நிலை" என்று ஒரே வரியில் விற்றுப் போயின. வாரக்கணக்கில் தேடியும் கிடைக்காவிட்டால் உங்கள் கண்ணில் குறையில்லை.

8. காகிதமும் பொய் சொல்லும்

2020 அக்டோபரில் லண்டன் ஏலம் ஒன்றில் ஒரு பொற்காசு சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட காசு. பின்புறம் இரண்டு குத்துவாள், நடுவில் ஒரு தொப்பி. பிரபு ஒருவரின் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று கேட்டலாக்கில் எழுதியிருந்தது. அந்தக் கைமாறிய வரலாறு புனைவு என்று நியூயார்க் விசாரணையில் தெரிந்தது. 2023-இல் காசு கிரேக்க நாட்டுக்குத் திரும்பிப் போனது. ஏல நிறுவனத்தின் தலைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அவ்வளவு பெரிய காசுக்கே அப்படி. எனவே யார் பெயர் சொன்னாலும் அந்தக் கேட்டலாக்கை நீங்களே திறந்து, அந்தப் பக்கத்தில், அந்த எண்ணில், அந்தக் காசுதானா என்று பாருங்கள். சீட்டு வந்தால் அதில் எழுதிய எடையையும் காசின் எடையையும் ஒப்பிடுங்கள். ஒரு காசின் சீட்டை இன்னொன்றோடு வைத்து விற்பது புதிதல்ல. பாதி நேரம் கள்ளத்தனம்கூட இல்லை, டிராயரில் கலந்துபோனதுதான்.

9. டர்பனின் ஈரம், ஒரு கோப்பு

டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கே துணியே காயாது. செப்புக் காசு என்ன செய்யும்? பச்சைக் களிம்பு கெட்டியாக இருந்தால் அது காசின் தோல், தொடாதீர்கள். வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் நோய். அதை உடனே பிரித்து வையுங்கள். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பா போதும். நான் முதலில் வாங்கிய அந்தப் பளபளப்பான ஆல்பம் பி.வி.சி. பிளாஸ்டிக், ஒரு கோடைக்குள் காசுகளில் பிசுபிசுப்பான பச்சை படிந்தது. மைலார் என்ற பாலியெஸ்டர் உறை, அல்லது அமிலமில்லாத காகித உறை வாங்குங்கள். ஆம், கடைசியில் காகித உறைக்கே வந்து சேர்ந்தேன்.

ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண், அதே எண்ணில் ஒரு கோப்பு: இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, ஏற்றுமதிக் கடிதம், எஸ்.ஏ.டி. 500, பழைய சீட்டு, படங்கள், தேடிக் கண்டவை. தேடிக் காணாதவையும், எந்தெந்தக் கேட்டலாக்கைப் பார்த்து முடித்தீர்கள் என்று எழுதி வைக்காவிட்டால் ஓர் ஆண்டு கழித்து அதையே மறுபடி புரட்டுவீர்கள். ஸ்கேன் செய்து இன்னோரிடத்திலும் வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் காசுகளைத் தனியே குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண வீட்டுப் பொருள் காப்பீட்டில் அவை அடங்காமல் போகலாம்.

பெரியவரிடம் வாங்கிய பதினான்கில் மூன்றுக்கு இதுவரை வழி கண்டுபிடித்தேன். மிச்சம் பதினொன்று. குப்பைக்கூடைக்குப் போன உறைகளில் ஒன்றின்மேல் "ஹெஸ்" என்று எழுதியிருந்ததாக ஒரு மங்கலான நினைவு. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏலம் நடத்திய ஹெஸ் நிறுவனமாக இருக்கலாம். வாரம் ஓர் இரவு அவர்களுடைய கேட்டலாக்குகளை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.